வலிக்காத புண்ணும் வேலூர் கற்றுத் தந்த பாடமும்

“பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை வெட்டிவிடுவார்கள்.” இனிப்புநீர் நோயாளிகள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. காலில் சின்னதாக ஒரு புண் வந்தால் அதை வீட்டாரிடம் மறைப்பதும், மஞ்சள் வைத்துக் கட்டுவதும், உப்புப் போட்ட வெந்நீரில் ஊற வைப்பதும், “வலிக்கவே இல்லை, தானாக ஆறிவிடும்” என்று நாளைக் கடத்துவதும் பெரும்பாலும் இந்தப் பயத்தினால்தான். புண் நாற்றமெடுத்து, காய்ச்சல் கண்டு, விரல் கறுத்த பிறகே பலர் மருத்துவமனைக்கு வருகிறார்கள். அந்த நிலையில் மருத்துவருக்கும் வேறு வழி இருப்பதில்லை. கால் போகிறது. அதைப் பார்த்து அக்கம்பக்கத்தில் பயம் இன்னும் கூடுகிறது.

இந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. காலை எடுப்பது மட்டுமே வைத்தியமாக இருந்த காலம் ஒன்று உண்டு. ஆனால், அந்தக் காலம் எப்போதோ மாறிவிட்டது. கடந்த நூறு ஆண்டு மருத்துவ வரலாற்றைப் புரட்டினால், காலை வெட்டாமல் காப்பது எப்படி என்று மருத்துவர்கள் படிப்படியாகக் கற்றுக்கொண்டதைக் காணலாம். அதில் மிகப் பெரிய பாடம் ஒன்று தமிழ்நாட்டின் வேலூரில் கற்கப்பட்டது. கற்றுக்கொடுத்தவர்கள் தொழுநோயாளிகள்.

மலேசிய இந்தியர்களுக்கு இந்த வரலாறு வெறும் பழங்கதை அல்ல. 2019ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த விகிதம் 15.6 விழுக்காடாகக் குறைந்தது. அதுவும் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். அண்டை நாடான சிங்கப்பூர் 2016 ஏப்ரலில் நீரிழிவுக்கு எதிராகப் ‘போர்’ அறிவித்ததும் இதே கவலையில்தான்.

வெட்டுவதே வைத்தியமாக இருந்த காலம்

காலில் தசை அழுகுவதற்கும் நீரிழிவுக்கும் தொடர்பு உண்டு என்று 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விரிவாக எழுதியவர் பிரெஞ்சு மருத்துவர் மார்ஷல் தெ கால்வி. 1887ல் டேவிஸ் பிரைஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், நீரிழிவு உள்ள ஒருவரின் இரண்டு பாதங்களிலும் ஓட்டை விழுந்தாற்போல் ஏற்பட்ட புண்களைப் பற்றி ‘லான்செட்’ இதழில் எழுதினார். நரம்பு கெட்டுப்போவதற்கும் இந்தப் புண்ணுக்கும் சம்பந்தம் இருப்பது அப்போதே கண்ணில் பட்டிருந்தது.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1884ல், லண்டன் அறுவை மருத்துவர் பிரெடரிக் டிரீவ்ஸ் பாதத்தில் விழும் இத்தகைய புண்களுக்கு எளிய வைத்தியம் ஒன்றைச் சொல்லியிருந்தார். புண்ணைச் சுற்றித் தடித்துப்போன தோலைச் சீவி எடுத்து, நோயாளியைப் படுக்கையில் ஓய்வாக வைத்தால் புண் ஆறிவிடுகிறது என்பதே அது. சொன்னது சரிதான். ஆனால், வயிற்றுப் பாட்டுக்கு உழைக்கும் மனிதன் எத்தனை வாரம் படுத்துக் கிடப்பான்? எழுந்து நடந்ததும் புண் மீண்டும் வாய் திறந்தது.

கிருமியைக் கொல்லும் மருந்தும் இல்லை, இரத்தச் சர்க்கரையை அடக்கும் மருந்தும் இல்லை என்ற நிலையில், சீழ் பிடித்த கால் உயிருக்கே எமனாக இருந்தது. பாதத்தில் சிறிதளவு வெட்டினால் அந்த இடமும் ஆறாமல் அழுகும் என்று அஞ்சி, முழங்காலுக்கு மேலேயே காலை எடுத்தார்கள். அதிலும் பலர் பிழைக்கவில்லை. இன்றைக்கும் குடும்பங்களில் புழங்கும் பயத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இன்சுலின் கொண்டுவந்த எதிர்பாராத சிக்கல்

1921ல் கனடாவின் டொரோன்டோ நகரில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. 1922 ஜனவரி 11ஆம் தேதி 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக ஊசி போடப்பட்டது. மயக்கநிலையில் கிடந்து மாண்டுபோக வேண்டியவர்கள் எழுந்து நடந்தார்கள். இனிக் கவலையில்லை என்றுதான் உலகம் நினைத்தது.

ஆனால், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நீரிழிவு சிகிச்சைக்குப் பெயர்பெற்ற டாக்டர் எலியட் ஜோஸ்லின் 1934ல் ஓர் எச்சரிக்கை விடுத்தார். நீரிழிவு மயக்கத்தால் இறப்போர் 60 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருந்தனர். அதே சமயம், கால் அழுகி இறப்போர் கூடியிருந்தனர். இன்சுலின் ஆயுளை நீட்டியது. நீண்ட ஆயுளில் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் மெல்ல மெல்லக் கெட்டன. இது தலைவிதியால் வருவதல்ல, கவனித்தால் தடுக்கக்கூடியது என்று ஜோஸ்லின் அடித்துச் சொன்னார். தினமும் காலைக் கழுவிப் பார்ப்பது, நகம் வெட்டுவது, சரியான காலணி அணிவது ஆகியவற்றை நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். கால் பராமரிப்பு ஒரு தனிப் பாடமாகத் தொடங்கியது இப்படித்தான்.

அடுத்த பெரிய திருப்பம் பென்சிலின். 1940களில் அது கைக்கு வந்த பிறகு, பாஸ்டனில் ஜோஸ்லினுடன் பணியாற்றிய அறுவை மருத்துவர் லீலண்ட் மெக்கிட்ரிக், முழுக் காலையும் எடுப்பதற்குப் பதிலாகப் பாதத்தின் முன்பகுதியை மட்டும் எடுக்கத் துணிந்தார். 1949ல் அவர் வெளியிட்ட அறிக்கை, வெட்டும் கோட்டை முழங்காலுக்கு மேலிருந்து பாதத்துக்குக் கீழிறக்கியது எனலாம். குதிகால் மிஞ்சினால் மனிதன் சொந்தக் காலில் நடக்கலாம் அல்லவா?

இரத்த ஓட்டத்திலும் ஒரு வழி பிறந்தது. 1964 ஜனவரி 16ஆம் தேதி, அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 82 வயது மூதாட்டி ஒருவர், கால் அழுகத் தொடங்கிய நிலையிலும் அதை வெட்டச் சம்மதிக்கவில்லை. டாக்டர் சார்ல்ஸ் டாட்டர், அடைபட்டிருந்த இரத்தக் குழாய்க்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி வழியை விரித்துவிட்டார். அம்மூதாட்டி கடைசிவரை தம் சொந்தக் காலிலேயே நடந்தார். இன்று இருதயத்துக்கும் காலுக்கும் செய்யப்படும் ‘ஆஞ்சியோபிளாஸ்டி’ பிறந்த நாள் அதுதான்.

சர்க்கரைக்கு இன்சுலின், கிருமிக்குப் பென்சிலின், அடைப்புக்கு ஆஞ்சியோபிளாஸ்டி. இத்தனை வந்தும் பாதத்தின் அடியில் வரும் புண் மட்டும் ஆறுவதும் திறப்பதுமாகவே இருந்தது. விடை வேறோர் இடத்தில், வேறொரு நோயின் வழியாகக் கிடைத்தது.

வேலூரில் திறந்த கதவு

கொல்லிமலையில் 1914ல் பிறந்தவர் பால் பிராண்ட். ஆங்கிலேயப் பாதிரியார் தம்பதியின் பிள்ளை. லண்டனில் அறுவை மருத்துவம் படித்து, 1946ல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனபோது, மடங்கிப்போன கைகளும் விரல் தேய்ந்த கால்களும் அவரைத் தூங்க விடவில்லை. எலும்பு மருத்துவர் எவரும் இவர்களைப் பற்றி ஆராயவில்லையே என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது.

தொழுநோயாளியின் சதை ‘கெட்ட சதை’, அது தானாக அழுகி விழும், புண் வந்தால் ஆறாது என்றே அன்று மருத்துவர்களும் நம்பினார்கள். பிராண்ட் கூர்ந்து கவனித்தார். ஒருமுறை துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கிச் சட்டெனத் திருப்பித் திறந்துவிட்டான். அவன் பலசாலியா என்று கையைப் பார்த்தால், விரல் கிழிந்து இரத்தம் வழிகிறது. அவனுக்கு அது தெரியவே இல்லை. வலி இருந்தால் நிறுத்தியிருப்பான். வலி இல்லாததால் எலும்பு தெரியும்வரை திருப்பினான்.

கிருமி விரலைத் தின்பதில்லை; வலி உணர்வு போனதால், அறியாமல் பட்ட காயங்களே விரலைத் தின்கின்றன என்று பிராண்ட் புரிந்துகொண்டார். பாதத்தில் புண் இருந்தால் மற்றவர்கள் நொண்டுவார்கள். நொண்டுவது உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. உணர்வு இல்லாதவர் நொண்டுவதில்லை. புண்ணின் மேலேயே நடக்கிறார். ஒவ்வோர் அடியும் புதிதாக ஆறிவரும் சதையை நசுக்குகிறது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? தொழுநோய்ப் புண்ணுக்கு மாவுக்கட்டுப் போடும் முறையை, இந்தியாவில் ஜோசப் கான், இலங்கையில் மில்ராய் பால் ஆகியோர் முன்பே கையாண்டிருந்தனர். பிராண்டும் அவருடைய குழுவினரும் அதைச் செம்மைப்படுத்தினர். விரல் நுனி முதல் முழங்காலுக்குக் கீழ்வரை, காலோடு ஒட்டினாற்போல் மாவுக்கட்டு. உடல் எடை புண்ணின் மேல் மட்டும் விழாமல் பாதம் முழுவதும், கெண்டைக்காலிலும் பரவிவிடும். நோயாளி எழுந்து நடக்கலாம், புண் மட்டும் நசுங்காது. டிரீவ்ஸ் கேட்ட ஓய்வு, படுக்கை இல்லாமலேயே கிடைத்தது. சில வாரங்களில் கட்டைப் பிரித்தால், ஆறவே ஆறாது என்று கைவிடப்பட்ட புண் மூடியிருந்தது. சதை நல்ல சதைதான். அதை ஆற விடாமல் மிதித்துக்கொண்டிருந்ததுதான் கோளாறு. ஆறிய பிறகு மறுபடி புண் வராமலிருக்க, மெத்தென்ற ரப்பர் வைத்துத் தைத்த செருப்புகளையும் வேலூர்ப் பகுதியில் செய்து கொடுத்தார்கள்.

வேலூரிலிருந்து கார்வில்

1966ல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே நீரிழிவு நோயாளிகளின் பாதங்களைப் பார்த்தபோது, வேலூரில் பார்த்த அதே புண்கள். நோய் வேறு, உணர்வு போன பாதம் ஒன்றே. நீரிழிவிலும் நரம்பு நுனிகள் முதலில் பாதத்தில்தான் கெடுகின்றன. பாதத்தின் சிறு தசைகள் வலுவிழந்து விரல்கள் மடங்குகின்றன. அழுத்தம் ஒரே இடத்தில் சேர்கிறது. வேர்வை வற்றித் தோல் வெடிக்கிறது. இடைவெளியில் கிருமி நுழைகிறது.

தொழுநோயாளிக்குச் செய்த மாவுக்கட்டை நீரிழிவு நோயாளிக்கும் போட்டார்கள். பலன் தெரிந்தது. 1984ல் கார்வில் குழுவினர் அந்த முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். 1986ல் அதே மருத்துவமனையைச் சேர்ந்த பர்க், சிம்ஸ் இருவரும், 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் வைத்து, அது தெரியாதவர்களுக்கே புண் வரும் ஆபத்து அதிகம் என்று காட்டினர். இன்று கிளினிக்கில் கண்ணை மூடச் சொல்லி, “தெரிகிறதா, தெரிகிறதா?” என்று பாதத்தில் இழையால் தொட்டுப் பார்க்கிறார்களே, அந்தச் சோதனையின் பூர்வீகம் ஒரு தொழுநோய் மருத்துவமனை.

1989ல் மாவுக்கட்டு முறையாக ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது. மாவுக்கட்டுப் போட்ட 21 பேரில் 19 பேருக்குப் புண் ஆறியது. வழக்கமான மருந்துக் கட்டுப் போட்ட 19 பேரில் 6 பேருக்கு மட்டுமே ஆறியது. 2001ல் டாக்டர் டேவிட் ஆம்ஸ்ட்ராங் குழுவினர் செய்த ஆய்வில், 12 வாரங்களில் மாவுக்கட்டில் ஏறக்குறைய 90 விழுக்காடு, கழற்றி மாட்டும் பூட்சில் 65 விழுக்காடு புண்கள் ஆறின. ஏன் இந்த வேறுபாடு? 2003ல் அதே குழு விடை கண்டது. கழற்றக்கூடிய பூட்சைக் கொடுத்தால், நோயாளிகள் நடந்த மொத்த அடிகளில் 28 விழுக்காட்டுக்கு மட்டுமே அதை அணிந்திருந்தார்கள். வீட்டுக்குள் வந்ததும் கழற்றி வைத்துவிட்டார்கள். வலிக்கவில்லை, அதனால் தேவையும் தெரியவில்லை. பூட்டு திறந்த அந்தச் சிறுவனின் கதைதான் இதுவும்.

புதிய சிகிச்சைகள் எவ்வளவு தூரம்?

கடந்த 30 ஆண்டுகளில் புதிது புதிதாகப் பல சிகிச்சைகள் வந்திருக்கின்றன. புண்ணின் மேல் பஞ்சு வைத்து மூடி, சிறு இயந்திரத்தால் நீரையும் சீழையும் உறிஞ்சும் முறையை 1997ல் அமெரிக்க மருத்துவர்கள் அர்ஜென்டாவும் மொரிக்வாசும் விளக்கினர். பாதத்தின் ஒரு பகுதி எடுக்கப்பட்ட 162 பேரிடம் நடந்த ஆய்வு 2005ல் வெளியானது. இயந்திரம் வைத்தவர்களில் 56 விழுக்காட்டினருக்கும், வைக்காதவர்களில் 39 விழுக்காட்டினருக்கும் புண் ஆறியது.

பழைய வைத்தியம் ஒன்றும் திரும்பி வந்தது. முதல் உலகப் போரில், ஏழு நாள் போர்க்களத்தில் கிடந்த இரண்டு வீரர்களின் காயங்களில் புழு நெளிந்ததையும், அவர்களுக்குக் காய்ச்சல்கூட இல்லாததையும் அமெரிக்க மருத்துவர் வில்லியம் பேர் கண்டார். புழு அழுகிய சதையை மட்டும் தின்று நல்ல சதையை விட்டுவிடுகிறது. அவர் செய்த சிகிச்சை 1931ல் வெளியானது. மருந்துகள் பெருகியதும் மறக்கப்பட்டது. பின்னர் டாக்டர் ரொனால்ட் ஷெர்மன் அதை மீட்டெடுத்தார். 2004ல் அமெரிக்க அரசு அனுமதித்தது. மலேசியாவிலும் கிருமி நீக்கி வளர்த்த ஈப்புழுக்களைக் கொண்டு நீரிழிவுக் கால் புண்களுக்குச் சிகிச்சை செய்து பார்த்தார்கள். 2009ல் வெளியான அந்த ஆய்வு, கத்தியால் சுத்தம் செய்வதற்கு நிகரான பலன் இதில் கிடைப்பதாகக் கூறியது. அறுவை தாங்காத உடம்புக்கு இது ஒரு வழி. என்றாலும் கத்தியைவிட இது மேல் என்று சொல்வதற்கில்லை. பாத நோய் நிபுணர்களின் அனைத்துலகக் குழு 2023ல் வெளியிட்ட வழிகாட்டியும், வழக்கமான சுத்தத்துக்குப் பதிலாகப் புழுவைப் பரிந்துரைக்கவில்லை.

1997ல் சதை வளரத் தூண்டும் களிம்பு, 2006ல் கியூபா நாட்டின் வளர்ச்சி ஊக்கி ஊசி என்று பட்டியல் நீண்டது. சுக்ரோஸ் ஆக்டாசல்ஃபேட் என்ற பொருள் சேர்த்த கட்டுத்துணியைப் பற்றிய ஆய்வு 2018ல் ‘லான்செட்’ குழும இதழில் வந்தது. இரத்த ஓட்டமும் ஓரளவு குறைந்திருந்த 240 பேரில், 20 வாரங்களில் 48 விழுக்காட்டினருக்குப் புண் மூடியது. சாதாரணக் கட்டுத்துணியில் அது 30 விழுக்காடு. 2023ல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் காந்தத்தால் தூண்டப்படும் ஒரு கூழை அறிவித்தது. அது அப்போது எலிகளிடம் சோதிக்கப்பட்டது.

கிருமி எலும்புவரை போனால் கால் போனதுதான் என்ற எண்ணமும் மாறியுள்ளது. மழுங்கிய உலோகக் குச்சியைப் புண்ணுக்குள் விட்டு எலும்பு தட்டுகிறதா என்று பார்த்தே எலும்புத் தொற்றை ஊகிக்கலாம் என 1995ல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. பிரிட்டனில் 1,054 பேரிடம் நடந்து 2019ல் வெளியான ஆய்வு, எலும்பு, மூட்டுத் தொற்றுக்கு வாய்வழி மாத்திரைகளும் ஊசி மருந்துக்குச் சளைத்தவை அல்ல என்று கூறியது.

இத்தனை புதுமைக்குப் பிறகும், 2023ஆம் ஆண்டின் அதே வழிகாட்டி, பாதத்தின் அடியில் நரம்புக் கேட்டால் வரும் புண்ணுக்கு முதலிடம் கொடுப்பது கழற்ற முடியாத, முழங்கால்வரை வரும் கட்டுக்கே. விலையுயர்ந்த களிம்பைப் பூசிக்கொண்டு புண்ணின் மேல் நடந்தால் களிம்பு என்ன செய்யும்? ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. சீழ் பிடித்த காலுக்கும், இரத்தம் போகாத காலுக்கும் எடுத்த எடுப்பில் மாவுக்கட்டுப் போட மாட்டார்கள். முதலில் சீழை வடித்து, கிருமியை அடக்கி, அடைப்பை நீக்கிய பிறகே எடையை இறக்கும் வேலை. எது முதலில் என்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

வலிக்கு ஈடாகக் கண்

பால் பிராண்ட் 2003ல் காலமானார். வலியைச் சாபமாகக் கருதும் உலகத்துக்கு, அது ஒரு காவலாளி என்று வாழ்நாள் முழுவதும் எடுத்துச் சொன்னவர் அவர். காவலாளி போய்விட்ட வீட்டில் சொந்தக்காரர்தான் கண்விழித்திருக்க வேண்டும்.

ஆகவே, இனிப்புநீர் உள்ளவர்கள் இரவில் படுக்குமுன் பாதத்தின் அடியையும் விரல் இடுக்குகளையும் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம், பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லலாம். சப்பாத்துக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்த பிறகே காலை நுழைக்க வேண்டும். வெந்நீரில் கால் வைக்குமுன் முழங்கையால் சூடு பார்க்க வேண்டும். புண் இருந்தால் ஊற வைக்கவே கூடாது. ஆணியைப் பிளேடால் சீவுவதும் கூடாது. உச்சி வெயிலில் கோயில் வெளிப் பிரகாரத்திலும் தைப்பூச ஊர்வலத்தில் தார்ச் சாலையிலும் வெறுங்காலோடு நடப்பது, உணர்வு போன பாதத்துக்கு நெருப்பில் நடப்பதற்குச் சமம். காலுக்குப் பதில் வேறு நேர்த்தியைச் செலுத்தினால் முருகன் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ஆண்டுக்கு ஒரு முறையாவது கிளினிக்கில் அந்த நைலான் இழைச் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.

புண் வந்துவிட்டால் வலிக்காக் காத்திருக்கக்கூடாது. வலிக்காத புண்தான் ஆபத்தான புண். பாதம் சிவந்து வீங்கினாலோ, சூடாக இருந்தாலோ, நீர் வடிந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டில் அப்பாவோ அம்மாவோ காலை மறைத்தால் திட்ட வேண்டாம். அவர்கள் பயப்படுவது கத்திக்கு. சீக்கிரம் போகிறவர்களின் காலைக் காப்பாற்ற இன்று மருத்துவரிடம் பல வழிகள் உண்டு என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லி, கையோடு அழைத்துப் போவதுதான் பிள்ளைகள் செய்யக்கூடிய முதல் சிகிச்சை.